சொன்னபடி நிறுத்தியவன்

எங்கள் பக்கத்து டாக்டர்கள் யாரைப் பார்த்தாலும் மூன்று விஷயம் சொல்வார்கள். சிகரெட்டை நிறுத்து, உப்பைக் குறை, காலையில் நட. பேருந்து டிக்கெட்டின் பின்பக்கத்தில் அச்சடித்திருக்கும் வாசகம் போன்றது அது. கேட்டுத் தலையாட்டிவிட்டு ஆஸ்பத்திரி வாசலிலேயே ஒன்றைப் பற்றவைப்பதுதான் நடைமுறை. முப்பத்தெட்டு ஆண்டுகள் அந்த நடைமுறையை நான் பிசகாமல் பின்பற்றினேன். ஒரே ஒருமுறை மீறி, சொன்னபடி நிறுத்தினேன். அதன் விளைவாக, நான் சாகக் கிடப்பதாக எங்கள் ஊரான கூடலூரில் முடிவுகட்டிவிட்டார்கள்.

நான் துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன். ஊரில் 'தாசில்தார்' என்றுதான் அழைப்பார்கள். அந்தப் பிழையை நான் திருத்தியதில்லை. ஓய்வு பெற்ற மூன்றாம் ஆண்டு, வலது தொடையும் அடிவயிறும் சேரும் இடத்தில் எலுமிச்சை அளவுக்கு ஒரு வீக்கம் வந்தது. நின்றால் வெளியே வரும், படுத்தால் உள்ளே போய்விடும். தேனியில் அறுவை சிகிச்சை டாக்டர் விரலால் அழுத்திப் பார்த்து, குடலிறக்கம் என்றார். சின்ன ஆபரேஷன்தான், ஆனால் தள்ளிப்போடாதீர்கள், வெளியே வந்த குடல் என்றைக்காவது உள்ளே போக மறுத்தால் உயிருக்கே ஆபத்து என்றும் சொன்னார். பிறகு, தகுதிச் சான்று வாங்கி வரும்படி மயக்க மருந்து டாக்டரிடம் அனுப்பினார்.

வருமானம், இருப்பிடம், சாதி, வாரிசு என்று ஆயிரக்கணக்கானோருக்குச் சான்று வழங்க ஆவன செய்தவன், முதன்முறையாக ஒரு சான்றுக்காக வரிசையில் உட்கார்ந்தேன். மயக்க மருந்து டாக்டர் என் மகள் வயதுப் பெண். என் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டதுமே புருவத்தைச் சுருக்கினார். எட்டு வாரம் சிகரெட் தொடக் கூடாது, நடுவில் ஒன்று பிடித்தாலும் எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து தொடங்கும், அதுவரை கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். பழக்க தோஷத்தில், விதிவிலக்குக்கு வழி உண்டா என்று கேட்டேன்.

"அதை உங்க நுரையீரல்கிட்ட கேளுங்க சார். நான் கையெழுத்துப் போடுற ஆள்தான்."

கறாரான அதிகாரி. எனக்குப் பிடித்துப்போயிற்று.

மறுநாள் காலை ஆறு மணிக்கு வழக்கம்போலப் பெட்டிக் கடைக்குப் போனேன். கூலியாட்களை ஏற்றிக்கொண்டு குமுளிப் பக்கம் ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் போகும் ஜீப்புகள் புறப்பட்ட பிறகு கிடைக்கும் ஓய்வு நேரம் அது. அங்கே எனக்காகக் காத்திருப்பவன் என் பள்ளித் தோழன். இரண்டு ஜீப்புகளுக்குச் சொந்தக்காரன். ஆள் வைத்து ஓட்டுகிறான். முப்பத்தெட்டு ஆண்டுகளாக அன்றைய முதல் சிகரெட்டை நாங்கள் ஒரே தீக்குச்சியில்தான் பற்றவைத்திருக்கிறோம். நான் சட்டைப் பையிலிருந்து பாக்கெட்டை எடுத்தேன். ஏழு மிச்சம் இருந்தது. பொறுப்பு ஒப்படைப்பதுபோல அவன் கையில் வைத்தேன்.

"டாக்டர் நிறுத்தச் சொல்லிட்டாக. ஆபரேஷன் இருக்கு."

"எங்கன?"

கடைவாசலில் நாலு பேர் நின்றிருந்தார்கள். வீக்கம் இருந்த இடமோ கடைவாசலில் சொல்லத் தக்கதல்ல. "உள்ளதான்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவன் பாக்கெட்டை ஒரு நிமிடம் பார்த்தான், பிரிக்காமல் சட்டைப் பைக்குள் வைத்தான். வழக்கமாக அவன் கைக்குப் போன சிகரெட் அவ்வளவு நேரம் பற்றாமல் இருக்காது. அதை நான் கவனித்தேன், காரணத்தை யோசிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் என் உடம்புக்கு ஒரு கோப்பு திறந்தேன். பழைய அட்டை, புதிய நூல்கயிறு, பக்க எண் இட்ட தாள்கள். உடம்பு என்ன செய்தாலும் எழுத்தில் செய்யட்டும் என்பது என் எண்ணம்.

முதல் பக்கங்களைப் படித்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது. மூன்றாம் நாள் தலைவலி, வியர்வை, கோபம். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவரிடம் சண்டை, செய்தி வாசிப்பவரிடம் சண்டை, காலண்டரிடம் சண்டை. கைக்கு வேலையில்லாமல் விரல்கள் தாமாகவே சட்டைப் பையைத் துழாவின. பென்சில் ஒன்றைக் கொடுத்துச் சமாதானப்படுத்தினேன். நான்காம் நாள் அந்தப் பென்சிலை உதட்டில் வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தபோது என் மனைவி பார்த்துவிட்டாள். தீப்பெட்டியை மட்டும் எடுத்துச் சமையலறைக்குள் வைத்துக்கொண்டாள்.

பெரிய நெருக்கடி கழிவறையில். காலை ஒரு காபி, ஒரு சிகரெட், உடனே காரியம் என்பது என் குடலுக்கு நான் முப்பத்தெட்டு ஆண்டுகளாகப் பழக்கிய ஒழுங்கு. இப்போது காபி போகிறது, சிகரெட் போகவில்லை. குடல் மற்றோர் இணைப்பு வரவில்லை என்று மனுவை நிறுத்திவைத்துவிட்டது. முக்கக் கூடாது என்பது வேறு குடலிறக்கக்காரனுக்கு விதி. கோப்பில் இப்படி எழுதியிருக்கிறேன்: 'நாள் ஐந்து, காலைக்கடன்: நிலுவை. நாள் ஆறு: நிலுவை. இசப்கோல் உமி, வெந்நீர், நடை. நாள் ஏழு, முற்பகல்: தீர்வு செய்யப்பட்டது.' கடைசி வரியின் கீழ் இரண்டு கோடு போட்டிருக்கிறேன்.

இரண்டாம் வாரம் வாய்ப்புண், எந்நேரமும் பசி, நாலு கிலோ எடை கூடுதல். இவற்றை நான் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது இருமல். சிகரெட் பிடித்த காலத்தில் காலையில் பல் துலக்கும்போது நாலு தடவை இருமுவேன், அதோடு சரி. நிறுத்திய பிறகு நாள் முழுக்க இருமல். பழுப்பு நிறத்தில் கட்டிகட்டியாகச் சளி. ஒவ்வொரு இருமலுக்கும் எலுமிச்சை வெளியே வந்து எட்டிப் பார்க்கும், நான் கையால் தள்ளிப் பிடிக்க வேண்டும். சிகரெட்தான் என் இருமலை அடக்கிவைத்திருந்தது என்பது எனக்கு ஐயத்திற்கிடமின்றி நிரூபணமாயிற்று. தினசரி இருமல் எண்ணிக்கையை அட்டவணையாக்கி, முன்னும் பின்னும் ஒப்பிட்டு, நிறுத்தும் உத்தரவை மறுபரிசீலனை செய்யக் கோரி ஒரு முறையீடு தயாரித்தேன்.

என் மனைவி அட்டவணையைப் பார்த்தாள். "எண்ணி எண்ணி எழுதுறீக. எழுதுறதுக்குன்னே ரெண்டு கூட இருமுறீக."

தேனிக்குப் போய் மயக்க மருந்து டாக்டரிடம் கொடுத்தேன். அவர் அதை முழுக்கப் படித்தார். என் பணிக்காலத்தில் நான் எழுதிய எந்தக் குறிப்பையும் எவரும் கடைசி வரிவரை படித்ததில்லை. பிறகு பொறுமையாகச் சொன்னார். மூச்சுக்குழாய்க்குள் நுண்ணிய மயிர்கள் இருக்கின்றன, அழுக்கை மேலே தள்ளிக் கூட்டுவதுதான் அவற்றின் வேலை. புகை அவற்றைப் படுக்கவைத்துவிடும். நிறுத்தியதும் எழுந்து வேலையை ஆரம்பிக்கும். "முப்பத்தெட்டு வருஷக் குப்பை சார், மெதுவாத்தான் போகும்" என்றார். இருமும்போது வயிற்றில் தலையணை வைத்து அழுத்திக்கொள்ளச் சொன்னார். முறையீடு தள்ளுபடி. ஆனால் தேங்கிய வேலையை முடிக்கும் ஊழியர்கள்மேல் புகார் கொடுக்க எனக்கும் மனம் வரவில்லை. அன்றிலிருந்து தலையணையோடு இருமினேன்.

மூன்றாம் வாரம் மூக்கு திரும்பி வந்தது. அறிவிப்பில்லாமல் வந்தது. தெருவில் போன ஜீப்பில் ஏலக்காய் மூட்டை இருக்கிறது என்று வீட்டுக்குள்ளிருந்தே சொன்னேன். நல்ல செய்தி அதோடு முடிந்தது. அலமாரியைத் திறந்தால் என் சட்டைகள் அணைந்த அடுப்பைப்போல நாறின. இத்தனை ஆண்டுகள் ஒரு பெண் இதன் பக்கத்தில் படுத்திருந்தாளா என்று யோசித்தேன். கேட்கத் துணிவில்லை. அடுத்து நாக்கு. சாம்பாரை வாயில் வைத்தேன்; காரம் கண்ணில் ஏறியது, உப்பு கரித்தது. கைதவறி அதிகமாகிவிட்டதா என்று கேட்டேன்.

"என்னைக்கும் போடுறதுதான். கல்யாணமான புதுசுல சப்புன்னு இருக்குன்னு தட்டத் தள்ளினீக. உங்க நாக்குக்குன்னு ஒவ்வொரு கரண்டியாக் கூட்டுனேன். பிள்ளைக வாய் வெந்துதான் வளந்துச்சுக."

அன்றைக்குச் சமையலறையில் ஒரு பெரிய சீர்திருத்தம் தொடங்கியது. மிளகாய் பாதியாயிற்று. நான் ரசத்தில் பெருங்காயத்தைத் தனியாக, சீரகத்தைத் தனியாக ருசித்து அறிவித்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு எரிச்சலாக இருந்திருக்கும். ஆனாலும் இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

இதே வாரத்தில்தான் ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.

முதலில் தெருக்கோடி வீட்டுத் தம்பதி, ஒரு டப்பா ஹார்லிக்ஸோடு. பிறகு பழைய அலுவலக நண்பர் ஒருவர் ராயப்பன்பட்டியிலிருந்து வந்து, மாதா கோவிலில் எனக்காகப் பூசை கொடுத்திருப்பதாகச் சொன்னார். பிடிக்காத ஊருக்கு நான் பணிமாற்றம் வாங்கிக் கொடுத்த ஒரு முன்னாள் உதவியாளர்கூட வந்து மன்னித்துவிட்டதாகச் சொல்லிப்போனார். எல்லாரும் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார்கள். நான் தலையணையைக் கட்டிக்கொண்டு இருமும்போதெல்லாம் தரையைப் பார்த்தார்கள். மூத்த குடிமக்கள்மேல் ஊருக்கு மரியாதை வந்துவிட்டது என்றுதான் நான் நினைத்தேன்.

எதிர்வீட்டுக்காரர் திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவர். ஒரு பெட்டி பன்னீர் திராட்சையைக் கூடத்தில் இறக்கிவைத்துவிட்டு, சும்மா தெரிந்துகொள்ளத்தான் என்று தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். வாரிசுச் சான்றுக்கு என்னென்ன வேண்டும்?

நடைமுறை பற்றி என்னிடம் யாரும் கேட்டு வெகுநாளாகியிருந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தேன். இறப்புச் சான்று, ரேஷன் அட்டை, வாரிசுகள் ஒவ்வொருவரின் ஆதார். இ-சேவை மையத்தில் பதிய வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் விசாரிப்பார், வருவாய் ஆய்வாளர் பரிந்துரைப்பார், வட்டாட்சியர் வழங்குவார். இறப்புச் சான்றில் பெயரும் ஆதாரில் பெயரும் ஓர் எழுத்துக்கூட மாறக் கூடாது, அங்கேதான் எல்லாரும் கோட்டைவிடுவார்கள் என்று எச்சரித்தேன். அவர் கல்யாணப் பத்திரிகை ஒன்றின் பின்புறத்தில் ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டார்.

"யாருக்கு வேணும்?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். சமையலறை வாசலில் நின்ற என் மனைவியைப் பார்த்தார். பிறகு திராட்சைப் பெட்டியைப் பார்த்தார். பத்திரிகையை மடித்து என் மனைவியின் கையில் கொடுத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் போனதும் அவளிடம் விசாரணை நடத்தினேன். யாரிடம் என்ன சொன்னாய்? என்ன ஆபரேஷன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவள் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறாள்: "உள்ள ஒரு கட்டி மாதிரி. டாக்டர் சிகரெட்ட நிறுத்தச் சொன்னாக, இவுகளும் நிறுத்திட்டாக." எந்த இடத்தில் என்று கேட்டார்களாம். அவள் எனக்குச் செய்து காட்டினாள். கை இடுப்புப் பக்கமாகக் கிளம்பியது, பாதி வழியில் வெட்கப்பட்டது, மேலே ஏறி நெஞ்சில் போய் நின்றது.

நெஞ்சில் கட்டி, ஓயாத இருமல். அதுகூடப் பரவாயில்லை. டாக்டர் சொன்னதும் இவர் நிறுத்திவிட்டார் என்பதுதான் ஊரை உலுக்கியிருக்கிறது. இங்கே டாக்டர் சொல்லி எவனும் நிறுத்தியதில்லை. நிறுத்தினான் என்றால் தேதி குறித்துவிட்டார்கள் என்று பொருள்.

மறுப்பு வெளியிட்டிருக்கலாம். ஆனால் மறுப்பில் இடத்தைக் குறிப்பிட வேண்டியிருக்கும். அதோடு, உண்மையைச் சொல்வதானால், சாகக் கிடப்பதில் சில வசதிகள் இருந்தன. யாரும் என் முன்னால் புகைக்கவில்லை, யாரும் என்னோடு வாதாடவில்லை. ஆபரேஷன் முடிந்ததும் எல்லாம் தானாக விளங்கும் என்று விட்டுவிட்டேன்.

ஒன்று மட்டும் உறுத்தியது. ஊரெல்லாம் வந்தது, ஜீப்காரன் வரவில்லை. இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. ஆறாம் வாரம் இருமல் வெகுவாகக் குறைந்தது. தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க மொட்டைமாடிக்கு ஏறியவன், நடுவில் எங்கேயும் மூச்சுக்கு நிற்கவில்லை என்பதை இறங்கி வந்த பிறகுதான் கவனித்தேன். அந்தச் செய்தியை முதலில் அவனிடம்தான் சொல்லத் தோன்றியது. அவனாக வரட்டும் என்று வீம்பாக இருந்தேன்.

ஐம்பத்தோராம் நாள் மதியம் வந்தான். தேனிக்குப் போக இன்னும் ஐந்து நாள்தான் பாக்கி. வெள்ளைச் சட்டை போட்டிருந்தான், துக்க வீட்டுக்குப் போவதுபோல. என் மனைவியிடம் காபி கேட்டான். அவள் உள்ளே போகும்வரை காத்திருந்து, கதவை ஒருக்களித்து, நாற்காலியை என் முட்டியோடு முட்டி இடிக்க இழுத்துப் போட்டான். சட்டைப் பையிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்தான். ஓரம் நசுங்கிய என் பாக்கெட். திறந்து காட்டினான். ஏழும் இருந்தன.

"தொடல மாப்ள. உன்னுதுன்னு வச்சிருந்தேன்."

என் கண் பாக்கெட்டிலேயே இருந்தது.

"எங்க அய்யா ரெண்டு நாளு இழுத்துக்கிட்டுக் கெடந்தாரு. வாயில ஒரு சொட்டுக் கள்ளு விட்ட பெறகுதான் அடங்குச்சு. நீ அப்பிடி ஆசைய வச்சுக்கிட்டுக் கெடக்காத. ஒன்னே ஒன்னு இழுத்துரு. தங்கச்சி வர்றதுக்குள்ள."

ஒன்றை உருவி என் விரல்களுக்கிடையில் செருகினான். ஐம்பத்தோரு நாளாகப் பென்சிலை வைத்து ஏமாற்றிய விரல்கள் தம் ஆளை அடையாளம் கண்டுகொண்டன. மூக்கருகே கொண்டுபோனேன். பற்றவைக்காத புகையிலைக்கு உலர்ந்த திராட்சை வாசனை இருக்கிறது. முப்பத்தெட்டு ஆண்டுகள் பிடித்தவனுக்கு அது இப்போதுதான் தெரிகிறது. ஒன்றுதானே என்று தோன்றியது. டாக்டருக்கு யார் சொல்லப்போகிறார்கள்? கோப்பில் அந்த ஒரு நாளைப் பதியாமல் விட்டால் போகிறது. பணிக்காலத்தில் ஒரு பதிவைக்கூட விடாதவனுக்கு அந்த யோசனை எவ்வளவு சரளமாக வந்தது என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

அவன் தீக்குச்சியை உரசினான். சுடரைக் கையால் மறைத்துக்கொண்டு என் முகத்தருகே குனிந்தான். அவன் கண்ணில் நீர் நின்றது. அப்போதுதான் எனக்கு முழுக்க உறைத்தது: இவன் என்னை வழியனுப்ப வந்திருக்கிறான், என் எலுமிச்சைக்காக.

சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், இருமலாக மாறியது. தலையணை கைக்கெட்டவில்லை. எலுமிச்சை துள்ளி வெளியே வந்தது. வலியில் மடங்கி, அடிவயிற்றை இரு கையாலும் பிடித்துக்கொண்டேன். சிகரெட் எங்கேயோ விழுந்தது. அவன் தீக்குச்சியை உதறிவிட்டு என் தலையைத் தன் மடியில் சாய்த்தான்.

"தங்கச்சி, பால் இருந்தாக் கொண்டா. சீக்கிரம்."

அவள் காபித் தம்ளரோடு வந்தாள். அவன் அதைப் பிடுங்கி என் வாயில் ஊற்றப் பார்த்தான். கடைசி வாய்ப் பாலுக்குப் பதிலாகக் கொதிக்கும் காபி உதட்டில் பட்டதும் எனக்குப் பேச்சு வந்தது.

"எனக்கு நெஞ்சுல ஒன்னும் இல்லடா. குடலு எறங்கியிருக்கு. கீழ."

அவன் என் முகத்தைப் பார்த்தான், என் கைகள் இருந்த இடத்தைப் பார்த்தான். என் மனைவி பக்கம் திரும்பினான். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தலையாட்டினாள். தம்ளரைத் தரையில் வைத்தான். மகிழ்வான் என்று எதிர்பார்த்தேன். சுவரில் சாய்ந்து, நெற்றியைத் தேய்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

"நாசமாப் போச்சு" என்றான் கடைசியில். வீரபாண்டிக்குப் போய் மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டிருக்கிறான். மாப்ள பிழைத்துவிட்டால் இனி நான் சிகரெட்டைத் தொட மாட்டேன் என்று. பிழைப்பான் என்ற நம்பிக்கை இல்லாததால் துணிந்து வேண்டியிருக்கிறான். ஐம்பத்தோரு நாள் அவன் என் வீட்டுப் பக்கம் வராததற்குக் காரணமும் அப்போதுதான் சொன்னான். நான் இளைத்துக் கிடப்பதைத் தன்னால் பார்க்க முடியாது என்றானாம் அவன் வீட்டில். நாலு கிலோ கூடி உட்கார்ந்திருந்த என்னை இப்போது மேலும் கீழும் பார்த்தான்.

"உனக்கு நோயே இல்லேன்னா அந்த வேண்டுதல் செல்லாதுல்ல? உனக்குத்தான் ரூல்ஸ் தெரியும். சொல்லு."

ஒரு தீர்ப்பு சொல்லும்படி இத்தனை ஆவலோடு எந்த மனுதாரரும் என் முன்னால் உட்கார்ந்ததில்லை. செல்லாது என்று சொல்லிவிடலாம். பிறகு தினமும் காலை ஆறு மணிக்கு அவன் கையில் புகையும், பக்கத்தில் நான் வெறுங்கையோடு. எத்தனை நாள் தாங்குவேன் என்பது சற்று முன்னர்தான் எனக்குத் தெரிந்திருந்தது. தரையில் கிடந்த சிகரெட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். மனுவில் கண்ட காரணம் தவறாக இருக்கலாம். ஆனால் கேட்டது நான் பிழைக்க வேண்டும் என்பதை. அது வழங்கப்பட்டுவிட்டது. ஆகவே நிபந்தனை இன்று முதல் அமலுக்கு வருகிறது.

"அப்ப பீடி?"

"ஆத்தாகிட்ட வெளையாடாதீகண்ணே" என்றாள் என் மனைவி. பாக்கெட்டையும் தரையில் கிடந்ததையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மேல்முறையீட்டுக்கு வழியில்லாமல் போயிற்று.

ஐம்பத்தாறாம் நாள் அவன் ஜீப்பிலேயே தேனிக்குப் போனோம். வழியில் கம்பத்தில் ஒரு மாட்டோடும், சின்னமனூரில் ஒரு டவுன்பஸ்ஸோடும் சண்டை போட்டான். ஆஸ்பத்திரியில் வண்டி நிறுத்தும் இடத்துக் காவலாளியோடு போட்டதைச் சண்டை என்று சொல்லிவிட முடியாது, அவன் மட்டும்தான் பேசினான். மயக்க மருந்து டாக்டர் என் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார், ஒரு குழாயில் ஊதச் சொன்னார், கோப்பை வாங்கி ஐம்பத்தாறு நாளையும் புரட்டினார். ஐம்பத்தோராம் நாளில் நின்றார். 'கையில் பிடித்தேன். பற்றவைக்கவில்லை' என்று இருந்தது. என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

சான்றோடு வெளியே வந்தபோது அவன் வராந்தா பெஞ்சில் வியர்த்துப்போய், என் பழைய பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எப்போது என் பையிலிருந்து எடுத்தான் என்று தெரியவில்லை. ஆபரேஷன் நாளை மறுநாள் என்றேன். காதில் வாங்கவில்லை. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு என் காதருகே வந்தான்.

"மாப்ள, அஞ்சு நாளாச்சு. வெளிக்கே போகல. ஆத்தா சோதிக்கிறாளா?"

கோப்பைப் பிரித்து ஐந்தாம் நாள் பக்கத்தை அவன் மடியில் வைத்தேன். விரல் வைத்து வரிவரியாகப் படித்தான். ஏழாம் நாளுக்கு வந்ததும், அந்த இரண்டு கோட்டையும் தடவிப் பார்த்தான்.

"இந்தப் பக்கத்த ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கிறேன்" என்றான்.